செல்போனுக்குள் வந்த லாட்டரி



"சனிக்கிழமை வாங்குற பனியன் கம்பெனி சம்பளம் அன்னைக்கு ராத்திரியே செல்போன் ரம்மியில போயிருதுங்க" என்று பூண்டிக் குழுக் கூட்டத்தில் ஒரு சகோதரி அழுதார்.

2003இல் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டைத் தடை செய்தார்கள். இப்போது அதே ஆசை செல்போனில் வருகிறது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கும் சிறை உண்டு. ஆடி ஏமாந்தவருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. அதனால் மறைக்காமல் சொல்லுங்க.

"பரிசு விழுந்திருக்கு, வரி கட்டுங்க" என்று போன் வந்தால் பணம் அனுப்பாதீங்க. அனுப்பிவிட்டால் உடனே 1930க்குப் பேசுங்க.

குழுக்கடன் ஆட்டத்துக்கு இல்லை என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதுவோம்.