நோயுற்ற இளைஞனும் இரண்டாம் அம்பும்



இம்மாதத்துப் பாடம் நோயைப் பற்றியது. பிறப்பும் மூப்பும் நோயும் மரணமும் துக்கம் என்று நாம் பலகாலும் ஓதுகிறோம். ஓதுதல் எளிது, நோய் நம்மவர் வாசலில் வந்து நிற்கும்போது தம்மத்தின்படி பேசுதல் அரிது. அவ்வாறு நாமே தவறிய ஒரு நிகழ்ச்சியைக் கூறி இப்பாடத்தைத் தொடங்குகிறோம்.

மும்பையில் நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில் 17 வயது இளைஞனுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமற் செய்யும் நோய் அது. முதலில் ஓயாத களைப்பு, பின்னர் காய்ச்சல், அதன்பின் ஈறுகளில் இரத்தக் கசிவு. சிகிச்சை தொடங்கிய மூன்றாம் வாரம் அவனைக் காணச் சென்றோம். தலைமயிர் உதிர்ந்திருந்தது. வாயெல்லாம் புண்; கஞ்சியும் இறங்கவில்லை. முதுகுத்தண்டில் ஊசி வழியே மருந்து செலுத்தியிருந்தமையால் அசையாது படுத்திருந்தான். ஆறுதல் என்றெண்ணி, "தம்பி, எல்லாம் முன்வினைப் பயன், பொறுத்துக்கொள்" என்றோம். அவன் சிறிது நேரம் மேலே பார்த்திருந்து, "ஐயா, நான் செய்த தீமை யாதென்று தாங்கள் அறிவீர்களா?" என்று கேட்டான். நம்மிடம் விடையில்லை. அவன் தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றிரவு நூலைத் திறந்து பார்த்து வெட்கமுற்றோம். மனிதன் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்வினையாலேயே வருவனவோ என்று சீவகன் என்னும் பரிவிராஜகன் பகவானை வினவியதும், பகவான் அதை மறுத்ததும் சம்யுத்த நிகாயத்தில் உள்ளன. பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாறுதல், உடலைப் பேணாமை, புறத்தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைப் பகவான் எண்ணிக் காட்டுகிறார். எட்டனுள் ஒன்றே வினை. எல்லாம் முன்வினை என்போர் தாம் அறிந்ததைக் கடந்து பேசுகின்றனர் என்பதே பகவானின் தீர்ப்பு. நாமும் அப்படியே பேசினோம்.

அதே நிகாயத்தில் இரண்டு அம்புகளின் உவமையும் உண்டு. உடல் நோவு முதல் அம்பு. அதனைப் பற்றி எழும் மனத்துயரம் இரண்டாம் அம்பு. அறிவிலான் இரண்டாலும் துளைக்கப்படுகிறான். நோயாளி தானே எய்துகொள்ளும் இவ்விரண்டாம் அம்பினை அன்று அவன் மார்பில் நாம் எய்துவிட்டோம். மறுநாளே சென்று, "நாம் கூறியது தவறு, இந்நோய்க்கு நீ குற்றவாளி அல்லன்" என்று சொன்னோம்.

காரணத்தால் தோன்றியது காரணம் நீங்க நீங்கும் என்பதே பகவான் காட்டிய நெறி. அவன் வாரந்தோறும் உட்கொண்ட மாத்திரை ஒன்றின் வரலாறே இதற்குச் சான்று. 1928 இல் இந்தியாவுக்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார், பம்பாயின் வறிய கர்ப்பிணிகளிடையே, சிறப்பாகப் பஞ்சாலைப் பெண்களிடையே, காணப்பட்ட இரத்தச் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாரம் அதனைத் தீர்த்ததென 1931 இல் எழுதினார். அச்சாரத்தில் இருந்த சத்தே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. அணுக்கள் பெருக அது வேண்டும். ஆகவே புற்றணுக்களுக்கும் அது வேண்டும். அதனைப் போன்று தோன்றி அணுக்களை ஏமாற்றும் மருந்துகளை ஆந்திரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுவினர் அமெரிக்காவில் உருவாக்கினர். அவற்றுள் ஒன்றைப் பாஸ்டன் நகரத்துச் சிட்னி ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948 இல் வெளியிட்டார். அம்மருந்தின் உடன்பிறப்பாகிய மெதோட்ரெக்சேட்டே நம் இளைஞனின் வாராந்தர மாத்திரை. ஆலைத் தறியில் நின்று உழைத்த நாம் இதனை அறிந்தபோது, நம்மினும் முன்னே இந்நகரத்து ஆலைகளில் உழைத்த பெயரறியா அப்பெண்களை நினைத்துக் கைகூப்பினோம்.

முதல் மாதச் சிகிச்சைக்குப்பின் பரிசோதனையில் நோயணுக்கள் காணப்படவில்லை. உடனே உறவினர் சிலர், "குணமாயிற்று, இனி ஊருக்கு அழைத்துச் சென்று தாயத்துக் கட்டலாம்" என்றனர். இங்கேதான் பலர் மைந்தரை இழக்கின்றனர். கண்ணுக்குப் புலப்படாத அணுக்கள் எஞ்சியிருக்கும்; ஆதலின் இச்சிகிச்சை இரண்டாண்டுகளுக்கு மேலும் நீளும். பாவில் அறுந்த இழையைக் கட்டாது தறியை ஓட்டினால் துணி முழுதும் பழுதாகும் என்று அவன் தந்தையாரிடம் கூறினோம். அவரும் ஆலைத் தொழிலாளி, உடனே உணர்ந்தார்.

நற்பிணியாளனுக்குப் பகவான் ஐந்து இலக்கணம் கூறுகிறார்: நலம் தருவதைச் செய்தல், அதிலும் அளவறிதல், மருந்துண்ணல், நோயின் நிலையை உள்ளபடி சொல்லுதல், வேதனையைப் பொறுத்தல். நம் இளைஞன் நான்கிலும் தேறினான்; நான்காவதாகிய உண்மை சொல்லுதலில் மட்டும் ஒருமுறை தவறினான். தந்தைக்கு ஒருநாள் கூலி போகுமே என்று ஓரிரவு காய்ச்சலை மறைத்தான். சிகிச்சைக் காலத்தில் நோயெதிர்க்கும் ஆற்றல் குன்றியிருக்குமாதலின் சிறு காய்ச்சலும் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கலாம். விடியுமுன் தாயார் தொட்டறிந்து கொண்டுசென்றமையால் பிழைத்தான்.

இரண்டரை ஆண்டுகளில் சிகிச்சை நிறைவுற்றது. மயிர் மீண்டும் வளர்ந்தது, படிப்பைத் தொடர்ந்தான். குறித்த நாளில் பரிசோதனைக்குச் செல்கிறான். நோய் இனி ஒருபோதும் வாராதென்று நாம் வாக்களியோம். அநித்தியத்தை அறிந்தோர் அவ்வாறு சொல்லார். ஆயினும் முறையாக முழுச் சிகிச்சை பெறும் இந்நோயுற்ற குழந்தைகளுள் பெரும்பாலோர் இன்று குணமடைகின்றனர் என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

எவரும் பேணாது விட்ட வயிற்றுக்கடுப்பு நோயாளியாகிய பிக்குவைப் பகவான் ஆனந்தருடன் சேர்ந்து தம் கையாலேயே கழுவித் தூய்மை செய்தார். நம் கடமைகளும் இவையே: நோயாளியிடம் முன்வினை பேசாதிருத்தல்; புற்றுநோய் ஒட்டுவதன்று என்றறிந்து அவர் தட்டையும் குவளையையும் ஒதுக்காதிருத்தல்; சளியோ காய்ச்சலோ உள்ளபோது அவரருகே செல்லாதிருத்தல்; 18 வயது நிறைந்த உடல்நலமுள்ளோர் குருதி கொடுத்தல்; துணைக்குச் செல்வோரின் வண்டிச் செலவைச் சங்கம் ஏற்றல். சென்ற வைசாகப் பௌர்ணமியன்று குருதி கொடுத்தோர் வரிசையில் முதலில் நின்றவர் அவன் தந்தையார்.

சகல உயிர்களும் நோயின்றி வாழ்க! நமோ புத்தாய.