மூன்று சக்கர மிதிவண்டியில் மோட்டார் பொருத்தும் முன்…

பழைய மொபெட் எஞ்சினைத் தட்டுவண்டியில் பூட்டி ஓட்டும் வழக்கம் சென்னையின் 'மீன்பாடி வண்டி'யால் பிரபலமானது. காரைக்காலில் மீனும் காய்கறியும் ஏற்றுவோர் அதைப் பின்பற்ற வேண்டாம். பதிவு இல்லாமல் இப்படி எஞ்சின் பூட்டி ஓட்டுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம்.

மிதிப்பவருக்குத் துணைபுரியும் பேட்டரி மோட்டாரே நல்ல வழி.

● விதி: மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும், மிதிப்பதை நிறுத்தினாலோ வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டினாலோ தானே அணைய வேண்டும். பேட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்றும் இருந்தால்தான் பதிவிலிருந்து விலக்கு. கனமான சரக்கு வண்டிகள் இந்த வரம்பில் அடங்குவது கடினம்; அவற்றை ஓட்டுவோர் பதிவு செய்யக்கூடிய மின்சரக்கு வண்டி பற்றிக் காரைக்கால் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

● பிரேக்: முதல் செலவு இதற்கே. முன்சக்கர பிரேக் மட்டும் சுமையைத் தாங்காது. பின் அச்சிலும் ஒன்று வேண்டும். பிரேக் பிடித்ததும் மோட்டாருக்கு மின்சாரம் நிற்கும் கைப்பிடியைக் கேட்டு வாங்குங்கள்.

● பேட்டரி: பெட்டியைத் தாழ்வாக, அச்சுக்கு அருகே பொருத்துங்கள். உயரத்தில் எடை ஏறினால் திருப்பத்தில் வண்டி கவிழும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையருகே ஃபியூஸ் கட்டாயம்.

● உப்புக்காற்று: துறைமுகப் பக்கம் போய்வந்தால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் மோட்டாருக்குள் ஈரம் புகும். துரு ஏறாத போல்ட்டுகளைப் பயன்படுத்துங்கள். இணைப்பு முனைகளில் கிரீஸ் தடவுங்கள்.