குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது?

மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போய், ஒரு மாதம் கழித்து மும்பை திரும்பிக் கதவைத் திறந்ததும் ‘குப்’பென்று ஒரு நாற்றம் முகத்தில் அடிப்பது நம்மில் பலருக்கு அனுபவம். பினாயில் ஊற்றுகிறோம், ஊதுவத்தி கொளுத்துகிறோம். இரண்டு நாளில் நாற்றம் போய்விடும். போக்கியது பினாயில் அல்ல. நாம் குளித்த தண்ணீர்தான்.

குளியலறைத் தரையில் உள்ள சல்லடை மூடியைத் தூக்கிப் பார்த்தால் கிண்ணம் போன்ற ஓர் அமைப்பில் தண்ணீர் தேங்கி நிற்கும். இதைத்தான் பிளம்பர்கள் ‘நஹானி ட்ராப்’ என்கிறார்கள். மராத்தியில் குளிக்கும் இடத்துக்கு ‘ந்ஹாணி’ என்று பெயர்; அதிலிருந்து வந்த சொல். தேங்கி நிற்கும் அந்தத் தண்ணீர்தான் கழிவுக் குழாயின் காற்றும் கரப்பான் பூச்சியும் மேலே வராமல் தடுக்கும் கதவு. ‘நீர்ப்பூட்டு’ என்று சொல்லலாம். 1775ஆம் ஆண்டு லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரம் செய்பவர் கழிப்பறைக் குழாயை ‘எஸ்’ போல வளைத்துத் தண்ணீரை நிறுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றுவரை அதைவிட எளிய வழி வரவில்லை.

இந்த நீர்ப்பூட்டின் ஆழம் 50 மி.மீ.க்குக் குறையக்கூடாது. கடையில் அழகாக, ஆழமில்லாமல் கிடைப்பதை வாங்கினால், ஒரு வாளித் தண்ணீரை வேகமாகக் கவிழ்க்கும்போதே பூட்டு உறிஞ்சப்பட்டுவிடும். வாங்குமுன் அளவுகோலை உள்ளே விட்டுப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். ஊருக்குக் கிளம்பும் நாளில் எல்லா ட்ராப்பிலும் தண்ணீர் நிரப்பி, மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது.

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன தகுதி என்றால், ரயில்வேயில் 38 வருடம் வேலை பார்த்ததைவிட, சொந்தக் குளியலறையில் தோற்றதுதான் பெரிய தகுதி. 2018இல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருடமே குளியலறையை உடைத்துப் புதுப்பிக்கத் தொடங்கினேன். கொத்து வேலைக்கு ஆள். குழாய் வேலை நானே. “ஏங்க, ஒரு பிளம்பரைக் கூப்பிட்டா என்ன?” என்று மனைவி கேட்டாள். பாலத்துக்கு வடிகால் போட்டவனுக்குப் பாத்ரூம் ஒரு பொருட்டா என்றேன்.

முதலில் வாட்டம். ரயில்வேக்காரனுக்கு இது கைவந்த கலை. கழிவுக் குழாய்க்கு 40க்கு 1 என்ற சரிவு நல்லது. அதாவது ஒரு மீட்டர் நீளத்துக்கு 25 மி.மீ. இறக்கம். கர்ஜத்திலிருந்து லோனாவலா ஏறும் போர் காட் பாதையின் சரிவு 37க்கு 1. பெரும்பாலான ரயில்களுக்குப் பின்னால் கூடுதல் எஞ்ஜின் பூட்டித் தள்ளுகிற அந்த மலைச் சரிவு கிட்டத்தட்ட நம் குளியலறைக் குழாயில் இருக்க வேண்டும் என்றால் நம்புவீர்களா! தரை ஓடுகளுக்கு இவ்வளவு வேண்டாம், கால் வழுக்கும். 80க்கு 1 போதும். 2 மீட்டர் அறையில் வாசற்படி ஓரத்துக்கும் ட்ராப்புக்கும் 25 மி.மீ. வித்தியாசம். கண்மதிப்பில் விடாதீர்கள். ரசமட்டம் இல்லாவிட்டால், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் சுவரில் பிடித்து மட்டம் குறியுங்கள். கொத்தனார்கள் தினமும் செய்வதுதான்.

சரிவின் அளவைவிட முக்கியம், அது ஒரே சீராக இருப்பது. நடுவில் அரை அங்குலம் தொய்ந்தாலும் அந்த இடத்தில் முடியும் சோப்பு அழுக்கும் தங்கி, ஆறு மாதத்தில் அடைப்பு. எனவே குழாயின் அடியில் முழு நீளத்துக்கும் கெட்டியான படுக்கை வேண்டும். அங்கங்கே செங்கல் துண்டு முட்டுக் கொடுப்பது போதாது. திருப்பத்தில் 90 பாகை முழங்கை ஒன்றுக்குப் பதில் 45 பாகை இரண்டு போடுங்கள்.

குழாய் வாங்கும்போது எஸ்.டபிள்யூ.ஆர். குழாயில் ஐ.எஸ். 13592 முத்திரையும் ‘பி’ வகை என்ற குறியும் பாருங்கள். விலை குறைந்த ‘ஏ’ வகை மழைநீருக்கும் மூச்சுக் குழாய்க்கும் உரியது. இன்னொன்று: பழைய கட்டடங்களில் கழிப்பறைக் குழாயும் குளியல் தண்ணீர்க் குழாயும் தனித்தனியாக இறங்கும். பக்கத்தில் இருக்கிறதே என்று இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள். சொசைட்டியின் எழுத்து அனுமதி இல்லாமல் எதையும் உடைக்கவும் வேண்டாம்.

இனி நான் தோற்ற இடம். குழாய் இணைப்பை சால்வென்ட் சிமெண்ட் கொண்டு ஒட்டுமுன், வெட்டிய முனையின் பிசிறை நீக்கி, துடைத்து, காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரு பக்கமும் பூசி, கால் திருப்புத் திருப்பி உள்ளே தள்ளி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மகளும் மருமகனும் பேரனோடு வருகிற வாரம். அவசரத்தில் ஈரம் போகாத ஓர் இணைப்பை ஒட்டினேன். தண்ணீர் நிறுத்திச் சோதிக்காமல் செங்கல் ஜல்லி நிரப்பி, மேலே ஓடும் பதித்தாயிற்று.

மூன்றாம் வாரம் கீழ்வீட்டு மராத்தி ஆஜி மாடியேறி வந்தார். அவர் பூஜை அறையின் மேற்கூரையில் பழுப்பு வட்டம். கோபிக்கவில்லை. “இஞ்சினியர் சாஹேப், நீங்கள் கட்டினது பாலமா, ஏரியா?” என்றார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். நான்கு நாள் சுத்தியலும் உளியுமாக, பதித்த புது ஓட்டையெல்லாம் நானே உடைத்தேன்.

இரண்டாம் தடவை வரிசை மாறவில்லை. குழாயின் கடைசி முனையை ரப்பர் அடைப்பான் வைத்து மூடி, ட்ராப் வரை தண்ணீர் நிரப்பிப் பென்சில் கோடு போட்டு, ஒரு ராத்திரி விட்டேன். காலையில் கோட்டை விட்டுத் தண்ணீர் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு. என் கோடு அசையவில்லை. பிறகு தளத்துக்கு நீர்க்காப்புப் பூச்சு. பூச்சு காய்ந்ததும் வாசலில் சிறு வரப்பு கட்டி, 48 மணி நேரம் இரண்டு அங்குலத் தண்ணீர் தேக்கம். தாழ்த்திய தளத்தின் அடியில் ஒரு சிறு குழாயை வெளிச்சுவர் வழியாக விட்டேன். நாளைக்கு எது கசிந்தாலும் தண்ணீர் கீழ்வீட்டுக்குப் போகாமல் வெளியே சொட்டி நமக்குச் சொல்லிவிடும். இதற்கான செலவு ஒரு முழக் குழாய்தான்.

தண்ணீர் தேங்கி நின்ற அந்த இரண்டு நாளும் ஆஜி தம் வீட்டுக் கூரையை நிமிர்ந்து பார்த்தபடியே இருந்தாராம். எங்களுக்குக் குளிக்க வேறு இடமில்லை. நானும் மனைவியும் சோப்புப் பெட்டியோடு கீழே அவர் வீட்டுக்குத்தான் இறங்கிப் போனோம்.