துடுப்பாசிரியர்

சென்னை அடையாற்றில், 1867-ஆம் ஆண்டு தோன்றிய படகுக் கழகத்தார் இன்றும் துடுப்பு வலிக்கின்றனர். நீண்டொடுங்கிய பந்தயப் படகில் எண்மர் அமர்வதுண்டு. அவ்வெண்மரும் செல்லும் திசைக்கு முதுகு காட்டியே வலிப்பர். முன்னோக்குபவர் சுக்கான் பிடிப்பவர் ஒருவரே. ஒருவர் துடுப்புப் பிந்தினாலும் படகின் விரைவு குன்றும். ஆதலின் தோள்வலியினும் இசைவே இதில் பெரிது.

இவ்விசைவை மாணவர்க்கு ஐம்பதாண்டு பயிற்றியவர் அமெரிக்கரான ஹாரி பார்க்கர். 1960-இல் உரோம் ஒலிம்பிக்கில் தனியொருவராய்ப் படகு வலித்து 5-ஆம் இடம் பெற்றார். அவ்வளவில் நின்றிருப்பின் அவர் பெயரை இன்று அறிவார் யார்?

1963-இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் திடீரென மறையவே, அப்பொறுப்பு 27 வயதினரான பார்க்கரை அடைந்தது. அவ்வாண்டு, வெல்லும் என்று பலரும் எண்ணிய யேல் பல்கலைக்கழகப் படகை 4 மைல் பந்தயத்தில் அவர் மாணவர் வென்றனர். அவ்வெற்றி 1980 வரை 18 ஆண்டுகள் இடையறாது தொடர்ந்தது.

பார்க்கர் மிகுதியாகப் பேசார். கரையில் நின்று ஏவுவதோடு அமையாமல், விளையாட்டரங்கின் உயர்ந்த படிகளில் மாணவரோடு தாமும் ஏறி ஓடுவார். சொல்லினும் அவ்வோட்டமே அவர்களை ஊக்கியது போலும்!

மகளிர் படகுப் போட்டி ஒலிம்பிக்கில் முதன்முதல் இடம்பெற்றது 1976-இல்தான். அமெரிக்க மகளிர் எண்மரைப் பயிற்றி, அவர்கள் வெண்கலப் பதக்கம் பெறச் செய்தவரும் இவரே.

1981-இல் யேல் வென்றது. பார்க்கர் தளரவில்லை. முதுமையில் நோய் வருத்தியபோதும், விசைப்படகில் மாணவரைத் தொடர்ந்து சென்றார். 2013 ஜூன் மாதம், அவ்வாண்டுப் பந்தயம் முடிந்த சின்னாளில் காலமானார்.