பாஷை தெரியாத நாட்டில் கேச் தேடுவது எப்படி?

ஜியோகேச்சிங் என்ற விளையாட்டில், யாரோ மறைத்துவைத்த 'கேச்' பெட்டியை ஜிபிஎஸ் துணையோடு தேடுவார்கள். எவ்வளவு நல்ல ஜிபிஎஸ் ஆனாலும் அடர்ந்த மரங்களுக்கு அடியில் ஐந்து, பத்து மீட்டர் தள்ளித்தான் காட்டும். அந்தக் கடைசிப் பத்து மீட்டரைத் தாண்ட, கேச்சின் இணையப் பக்கத்தில் எழுதியிருக்கும் விவரமும் உதவிக் குறிப்பும்தான் கை கொடுக்கும். உள்ளூரில் இதில் சிக்கலில்லை. ஜெர்மனியில் ஒரு காட்டுப் பாதையில் நிற்கும்போது அந்தப் பக்கம் முழுக்க ஜெர்மனில் இருந்தால்?

2000 மே 2 அன்று, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. மறுநாளே ஒரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு பிளாஸ்டிக் வாளியை மறைத்துவைத்து, இருக்கும் இடத்தை இணையத்தில் அறிவித்தார். ஜியோகேச்சிங் பிறந்தது அப்படித்தான். இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கு மேல் கேச்கள் இருக்கின்றன. ஜெர்மனி அதில் முன்னணி நாடு. வேலைக்கும் படிப்புக்கும் உறவினர் வீட்டுக்கும் அங்கே போகிற தமிழர்கள் ஏராளம் என்பதால் அந்த நாட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வேலை, மொழி அதிகம் தேவைப்படாத கேச்சைப் பொறுக்குவது. கடினம், நிலப்பரப்பு இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. பெட்டியின் அளவும் வகையும் படக்குறிகளாக இருக்கும். இவை எந்த நாட்டிலும் ஒன்றே. உண்ணி இருக்கும் இடமா, இரவில் தேட வேண்டியதா என்பதற்குக்கூடப் படம் உண்டு. 'டிரெடிஷனல்' வகையில் (காட்டிய இடத்திலேயே பெட்டி இருப்பது), இரண்டு மதிப்பெண்ணும் 2-க்குள், மிகச் சிறிய நானோ, மைக்ரோ அல்லாத பெட்டி, கடந்த சில வாரங்களில் யாராவது கண்டுபிடித்தது என்று வடிகட்டிக்கொள்ளுங்கள். 'மிஸ்டரி' வகையை முதலில் தொடவே வேண்டாம். அதில் வரைபடத்தில் காட்டும் புள்ளி பெரும்பாலும் பெட்டி இருக்கும் இடமல்ல. புதிரை விடுவித்தால்தான் உண்மையான இடம் தெரியும். உள்ளூர்ப் பழமொழியிலும் சொல் விளையாட்டிலும் கட்டிய புதிரை மொழிபெயர்ப்பு ஆப் விடுவித்துத் தராது.

அடுத்தது, அறையை விட்டுக் கிளம்புமுன் செய்ய வேண்டியது. காட்டுக்குள் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப முடியாது. மொழிபெயர்ப்பு ஆப்பில் ஜெர்மன் மொழித் தொகுப்பை இறக்கிவைத்து, கேச் பக்கத்தை முழுதாக மொழிபெயர்த்துச் சேமித்துக்கொள்ள வேண்டும். உதவிக் குறிப்பு விஷயத்தில் புதியவர்கள் தடுமாறுவது வழக்கம். குறிப்பு ரகசிய எழுத்தில் இருக்கும். ஆங்கில எழுத்து வரிசையில் ஒவ்வொன்றும் பதின்மூன்று இடம் தள்ளி மாற்றப்பட்டிருக்கும். வேர் என்று பொருள்படும் 'வுர்ட்ஸெல்', ஜே, எச், இ, எம், ஆர், ஒய் என்று நிற்கும். அதை அப்படியே மொழிபெயர்ப்பில் போட்டால் எதுவும் கிடைக்காது. முதலில் குறிப்பை அவிழ்க்க வேண்டும் (ஆப்பில் ஒரு தட்டு போதும்), பிறகுதான் மொழிபெயர்க்க வேண்டும்.

அவிழ்த்த பிறகும் சில சொற்கள் முரண்டு பிடிக்கும். ஜெர்மன் கேச்சர்களுக்கென்று தனிப் பேச்சு வழக்கு உண்டு. 'டோஸெ' என்றால் தகர டப்பா. அவர்கள் சொல்வது கேச்சை. 'முகல்' என்பது விளையாட்டைப் பற்றித் தெரியாத வழிப்போக்கர். 'பெட்லிங்' என்பது பாட்டிலாக ஊதுவதற்கு முந்தைய நிலையில் உள்ள பிளாஸ்டிக் குழாய்; மூடி போட்டு அதற்குள் சுருட்டிய தாளை வைப்பார்கள். 'ஹாஸென்கிரில்' என்ற சொல்லை ஆப் 'முயல் கிரில்' என்று மொழிபெயர்க்கும். உண்மையில் அது, பெட்டியை மறைக்க வரிசையாக அடுக்கிய குச்சிகள். காட்டில் தானாக விழுந்த குச்சிகள் அப்படி ஒழுங்காகக் கிடக்காது. கண் அங்கேதான் போக வேண்டும். புரியாத சொல் வந்தால் பழைய பதிவுகளைக் கீழே வரை படிப்பது பலன் தரும். வெளிநாட்டுப் பயணி யாராவது ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருப்பார்.

எண்களும் ஏமாற்றும். ஜெர்மனில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. கையால் எழுதிய 1, மேலே நீண்ட கோட்டோடு நம் கண்ணுக்கு 7 போலத் தெரியும். அவர்களுடைய 7-க்கு நடுவில் குறுக்குக் கோடு இருக்கும். ஆயத்தொலைவில் பெரும்பாலும் கிழக்குக்கு 'இ' என்றே போடுவார்கள். சிலர் ஜெர்மன் வழக்கப்படி 'ஓ' என்று போடுவதும் உண்டு. பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் அதே 'ஓ' மேற்கைக் குறிக்கும்! பல கட்டமாகப் போகும் 'மல்டி' கேச்களில் அடிக்கடி வரும் சொல் 'க்வெர்ஸும்மெ', அதாவது இலக்கங்களின் கூட்டல். நினைவுப் பலகையில் 1894 என்று இருந்தால் விடை 22. ஒற்றை இலக்கமாகக் கேட்டால் 4. எழுத்துக்கு எண் கொடுக்கும் கணக்கில் 'யு'வின் மேல் இரண்டு புள்ளி இருந்தால், அதை ஒரே எழுத்தாக எண்ணுவதா, 'யு', 'இ' என்று இரண்டாக எண்ணுவதா என்பதைப் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

கேச்சர் சந்திப்புகளுக்குப் போகிறவர்கள் கவனிக்க: 'ஹால்ப் அக்ட்' (சொல்லுக்குச் சொல் 'அரை எட்டு') என்றால் எட்டரை அல்ல, ஏழரை. 21 என்பதை 'ஒன்றும் இருபதும்' என்ற வரிசையில் சொல்வார்கள். எண்ணை வாயால் கேட்பதைவிட எழுதித் தரச் சொல்வதே நல்லது. தாய்லாந்தில் இதைவிடப் பெரிய பள்ளம்: அங்கே பலகைகளில் புத்த ஆண்டு. 2510 என்று இருந்தால் 543-ஐக் கழிக்க வேண்டும், 1967.

கேச் சம்பந்தமான சொற்களைவிட எச்சரிக்கைப் பலகைச் சொற்களைத்தான் முதலில் கற்க வேண்டும். 'பெட்ரேட்டன் ஃபெர்போட்டன்' என்றால் உள்ளே நுழையத் தடை. 'லேபென்ஸ்கெஃபார்' என்றால் உயிருக்கு ஆபத்து. 'நாட்டூர்ஷுட்ஸ்கெபீட்' இயற்கைக் காப்புப் பகுதி. அங்கே பொதுவாகப் பாதையை விட்டு இறங்கக் கூடாது. பச்சை விளிம்பு முக்கோணத்தில் கழுகோ, மஞ்சள் பலகையில் ஆந்தையோ இருந்தால் அப்படிப்பட்ட பகுதியாக இருக்கலாம். பலகையில் கண்ணில் படுவது எழுத்து என்பதால், இந்தச் சொற்களை ஜெர்மன் எழுத்திலேயே ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தி நேரத்தில் வேட்டைக்காரர்கள் நடமாடுவார்கள். அதற்குள் காட்டை விட்டு வந்துவிட வேண்டும்.

மனிதர்கள் சந்தேகப்படுவதையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2011-ல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் ஒரு கேச் பெட்டியை வெடிகுண்டு என்று நினைத்து, ராணுவ நிபுணர்கள் வந்து வெடிக்கச் செய்தார்கள். பாஷை தெரியாத ஒருவர் சுவரோரம் குனிந்து துழாவினால் பார்ப்பவர்களுக்குப் பயம் வருவது நியாயம்தான். 'இஷ் ஸூஹெ ஐனென் ஜியோகேச்' (நான் ஒரு கேச் தேடுகிறேன்) என்று சொல்லி, போனில் கேச் பக்கத்தைக் காட்டினால் பெரும்பாலும் போதும். ஜெர்மனிலும் நீ, நீங்கள் வித்தியாசம் உண்டு. கேச்சர்கள் தங்களுக்குள் 'டூ' என்று பேசிக்கொள்வார்கள். போலீஸிடமும் வழியில் பார்க்கும் பெரியவர்களிடமும் 'ஸீ'தான். ஆபத்தென்றால் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112.

பெட்டி கிடைத்ததும் தாளில் தமிழில் கையெழுத்துப் போட ஆசை வரும். போடலாம். ஆனால் இணையத்தில் வைத்திருக்கும் பயனர் பெயரையும், அங்கே இருக்கும் எழுத்திலேயே, பக்கத்தில் எழுத வேண்டும். பெட்டிக்குச் சொந்தக்காரர் தாளையும் இணையப் பதிவையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். பெயர் பொருந்தாவிட்டால் பதிவை நீக்க அவருக்கு உரிமை உண்டு. இணையப் பதிவில் வெறும் நன்றிச் சுருக்கத்தோடு நிறுத்தாமல், தமிழில் நாலு வரியும் எளிய ஆங்கிலத்தில் இரண்டு வரியும் எழுதுங்கள். தாள் நனைந்திருந்தால், மூடி உடைந்திருந்தால் அதையும் அதில் சேருங்கள். அந்தப் பெட்டியைப் பராமரிப்பவர் சம்பளம் வாங்காமல் தன் சொந்தக் காசில் அதைச் செய்கிறார்.