சைன் 30 அழுத்திப் பாருங்கள்

போன செமஸ்டர் தேர்வில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். உங்களுக்குப் பாடமாக இருக்கட்டும்.

கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரல் வரும்வரை சூத்திரங்களைப் புரட்டிக்கொண்டே வந்தேன். பிரிக்பீல்ட்ஸில் தோசை, தே தாரிக். நெற்றியில் அம்மா இட்ட திருநீறு. எல்லாம் சரி, கால்குலேட்டரை மட்டும் பார்க்கல.

முந்தின இரவு கால்குலஸ் பயிற்சிக்காக அதை ரேடியனில் வைத்திருந்தேன். அன்றைய தேர்வோ நிலையியல். 10 கிலோநியூட்டன் விசை, 30 டிகிரி சாய்வு. செங்குத்துக் கூறு 5 வரவேண்டும், வந்தது −9.88. ‘மைனஸ்னா எதிர்த்திசைதானே’ என்று அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன்!

முடிய 20 நிமிடம் இருக்கும்போதுதான் உறைத்தது: சைன் 30 பாதியாச்சே, மைனஸ் எப்படி வரும்? எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி போட்டேன். கடைசிக் கேள்வியைத் தொடக்கூட முடியல.

“கால்குலேட்டர் ஏமாத்திடுச்சும்மா.”

“அது என்னடா பண்ணும்? நீ சொன்னதைத்தானே செய்யும்!”

நான் கற்றது மூன்று:

1. மண்டபத்தில் உட்கார்ந்ததும் சைன் 30 அழுத்துங்கள். 0.5 என்றால் டிகிரி; −0.988 என்றால் ரேடியன்.

2. பொத்தானைத் தொடுமுன் விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று மனத்தில் போட்டுப் பாருங்கள்.

3. மைனஸ் வந்தால், படத்தைப் பார்த்துக் காரணம் கேளுங்கள். காரணம் இல்லையென்றால் அங்கேயே நில்லுங்கள்.

இப்போதெல்லாம் திருநீறு இட்டதும் சைன் 30 பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுகிறேன். அம்மாவும் வாசலில் கேட்கிறார்: “பாதி வந்துச்சாடா?”