வானூர்திக்கு முன்னே வரவேண்டிய மின்சாரம்



பினாங்கு பாயான் லெப்பாஸ் நிலையத்திற்குச் செல்லும் வானூர்திகளை நாம் அண்ணாந்து பார்த்து மகிழ்கிறோம். அவை எண்ணெயை எரித்துப் பறப்பவை. இன்றோ மின்கலத்தால் பறக்கும் வானூர்தியும் வந்துவிட்டது. ‘வெலிஸ் எலெக்ட்ரோ’ என்னும் ஈரிருக்கை வானூர்திக்கு 2020ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் சான்று வழங்கப்பட்டது. அது ஏறத்தாழ 50 நிமிடமே பறக்கவல்லது.

இதனினும் பெரிய மின்வானூர்தி ஒரு சிறு நிலையத்தில் இறங்குமாயின், அந்நிலையம் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும்? கணக்கிட்டுப் பார்ப்போம். நம் வீட்டு மின்கேத்தலுக்கு 2 கிலோவாட் தேவை எனக் கொள்வோம். 800 யூனிட் கொள்ளும் மின்கலத்தை ஒரு மணி நேரத்தில் நிரப்ப 800 கிலோவாட் வேண்டும். அஃதாவது, 400 கேத்தல்களை ஒருங்கே கொதிக்கவைப்பதற்கு ஒப்பாகும்! ஆகவே தடித்த மின்கம்பிகளும், மின்மாற்றியும், மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கலக் கூடமும் முன்னரே அமைதல் வேண்டும்.

அம்மின்சாரம் எங்கிருந்து வரும்? கேரளத்துக் கொச்சி விமான நிலையம் இதற்கு வழிகாட்டுகிறது. அது பெரிய நிலையமே. ஆயினும் அதன் வழி சிறியவற்றுக்கும் ஏற்றது. 2015ஆம் ஆண்டில் அங்கு 12 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறக்கப்பட்டது. முழுவதும் சூரிய ஆற்றலால் இயங்கிய உலகின் முதல் விமான நிலையம் என்னும் பெருமை அதற்குண்டு. பகலில் மிஞ்சும் மின்சாரத்தை மாநில மின்வாரியத்திற்குக் கொடுத்து, இரவில் திரும்பப் பெறும் முறையும் அங்கு உண்டு. சூரியத் தகடுகளுக்கிடையே காய்கறியும் பயிரிடுகின்றனர்.

மற்றொரு வழி ஹைட்ரஜன். நீரில் மின்சாரத்தைச் செலுத்தி அவ்வாயுவைப் பிரித்தெடுக்கலாம். எடைக்கு எடை, அது விமான எண்ணெயைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு ஆற்றல் தரும். ஆனால் அதைத் திரவமாக்க −253 பாகை செல்சியசு வரை குளிர்விக்க வேண்டும். அதன் சுடரோ பகலில் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. எனவே தகுந்த தொட்டிகளும் பயிற்சி பெற்றோரும் இன்றியமையாதவர். கொச்சி நிலையம் 2024ஆம் ஆண்டில் பாரத் பெட்ரோலியம் நிறுவனத்துடன் 1,000 கிலோவாட் ஹைட்ரஜன் ஆலைக்கு உடன்பாடு செய்தது. நிலையத்து வாகனங்களுக்கு முதலில் பயன்படுத்துவதே அதன் நோக்கம். சிறிதாகத் தொடங்கிப் பழகுவது அறிவுடைமையன்றோ?

நம் கெடாவின் அலோர் ஸ்டார், லங்காவி நிலையங்களுக்கும் இக்காலம் வரக்கூடும். அன்று மின்கம்பி இணைப்போரும், தொட்டியைக் காப்போரும், மின்கலத்தைச் சோதிப்போரும் தேவைப்படுவர். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் சூரியத் தகடு செய்யும் தொழிற்சாலை இருப்பதை நாம் அறிவோம். அத்தொழிலறிவுக்கு அடிப்படை இன்று வகுப்பில் கற்கும் கணிதமும் அறிவியலுமே.

பெற்றோர்களே, தோட்டத்தில் கைப்பணம் தேவை என்பதற்காகப் பிள்ளையின் படிப்பை இடையில் நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாம் படிவத்திற்குப் பின் தொழில்நுட்பக் கல்வியும் பெறச் செய்யுங்கள். வானூர்தியை அண்ணாந்து பார்க்கும் நம் பிள்ளைகள், அதற்கு ஆற்றல் ஊட்டும் கரங்களாகவும் உயரட்டும்!